ஃபங்ஷனல் புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகளோடு சில சனிக்கிழமைகள்

"மாமா, மோனாட் புரிஞ்சிடுச்சு. இப்ப என்ன பண்றது?"

அக்கா மகன் இப்படிக் கேட்டபோது தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவன் பாலிடெக்னிக்கில் இரண்டாமாண்டு. வகுப்பில் பைத்தானும் ஜாவாவும்தான் சொல்லித்தருவார்கள். ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதுவதுதான் ஃபங்ஷனல் புரோகிராமிங். அதற்கான மொழி ஹாஸ்கெல், மோனாட் அதில் வரும் ஒரு கருத்து. அதெல்லாம் அவனாகவே ராத்திரி கண்விழித்துப் படித்தது. ஃபிபனாச்சி எழுதியாயிற்று. எண்களை வரிசைப்படுத்தும் குயிக்சார்ட்டை இரண்டு மூன்று வரியில் எழுதி நண்பர்கள் வாயைப் பிளக்கவும் வைத்தாயிற்று. அதற்கு மேல் வழி தெரியவில்லை.

"ஏதாவது ஓப்பன் சோர்ஸ் திட்டத்துல கை வை" என்றேன். நிரலை எல்லோரும் பார்க்கவும் திருத்தி அனுப்பவும் திறந்துவைத்த மென்பொருள்தான் ஓப்பன் சோர்ஸ். எது என்று திருப்பிக் கேட்டான். மென்பொருள் வேலையில் பதினைந்து வருடம் போட்டவன் நான், ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்தான். அப்புறம் எங்கள் குடும்ப நண்பர் ஒருவரின் மகள் வந்து சேர்ந்தாள், அவள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் சத்தம் போட முடியாததால் பாதி வகுப்பு கீழே உணவங்காடியில், தே ஓ குடித்துக்கொண்டே நடந்தது. சில வாரம் வரமாட்டார்கள், சில வாரம் எனக்கு வேலை வந்துவிடும். இரண்டு வருடம் போல அப்படி ஓடியது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மொழி ஒன்றின் கம்பைலரையே, அதாவது நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளையே, எடுத்துக் கொடுத்தேன். ஃபங்ஷனல் புரோகிராமிங் கற்க கம்பைலரைவிட நல்ல இடம் உண்டா என்று நினைப்பு. மூன்று பேரும் மடிக்கணினியில் பில்டை (நிரலை ஓடும் மென்பொருளாக்கும் வேலையை) ஓட்டிவிட்டு உட்கார்ந்தோம். எட்டு ஜிபி நினைவகம் உள்ள கணினி ஃபேன் சத்தத்தோடு மூச்சுத் திணறியது. பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா எங்களை முறைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தும் பில்ட் முடியவில்லை. அடுத்த வாரம் எப்படியோ முடிந்தது. 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று குறியிட்ட இஷ்யூ (தீர்க்கவேண்டிய பிரச்சினைப் பதிவு) ஒன்றைத் திறந்தால், அதன் கீழே நாற்பது பதில்கள். அனுபவசாலிகள் இரண்டு பேர் டைப் தியரியில் சண்டை போட்டு முடிவு காணாமல் விட்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரே ஒருவன்தான் வந்தான். அவனும் என் மருமகன், வேறு வழியில்லை.

அதற்குப் பிறகுதான் வேறு விதமாகத் தேட ஆரம்பித்தேன். மொழி அழகா, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எத்தனை பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டே இரண்டு விஷயம் பார்த்தேன். இந்தப் பிள்ளை அந்த மென்பொருளைப் பயன்படுத்தி ஒரு தடவையாவது எரிச்சல்பட்டிருக்கிறதா? ஒரு ஃபங்ஷனைத் திறந்தால், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா?

எரிச்சலுக்குப் பஞ்சமில்லை. நண்பர்களில் ஒருவன், ஈசூன் பையன், தீபாவளிப் படங்களை வேறிடத்துக்கு மாற்ற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளின் வரிசை) எழுதியிருந்தான். நகலெடுத்து முடிந்ததும் பழைய ஃபோல்டரை அழித்துவிடும். ஃபோல்டர் பெயர் 'தீபாவளி 2021', நடுவில் ஒரு இடைவெளி. அழிக்கும் வரியில் அந்தப் பெயர் இருந்த மாறியைச் சுற்றி மேற்கோள் குறி போடவில்லை. ஷெல் அதை இரண்டு பெயராகப் பிரித்துக்கொண்டது. 'தீபாவளி' என்று எதுவும் இல்லை. ஆனால் '2021' என்று தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது, அந்த வருடத்துப் படங்கள் மொத்தமும் அதில். போயே போயிற்று.

ஷெல்செக் என்கிற கருவி இதைத்தான் பிடிக்கும். விடார் ஹோலன் என்பவர் ஹாஸ்கெலில் எழுத ஆரம்பித்தது. அவன் ஸ்கிரிப்டைக் கொடுத்ததும் எஸ்சி 2086 என்று எண் போட்டு, மேற்கோள் குறி இல்லாததைச் சுட்டிக்காட்டியது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இத யார் எழுதுனது, எப்படிக் கண்டுபிடிக்குது?" என்று உடனே கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் நான் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தோம். ஸ்கிரிப்டைப் படித்துப் பிரிக்கும் பார்சர் ஒன்று அதை மரமாக மாற்றுகிறது. அப்புறம் குட்டிக் குட்டிச் சோதனை ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றும் மரத்தின் கணு ஒன்றை வாங்கி, அதன் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்து (இதுதான் பேட்டர்ன் மேட்சிங்), தனக்குத் தெரிந்த தப்பு இருந்தால் எச்சரிக்கை கொடுக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். அந்த ஃபங்ஷன்கள் இருக்கும் கோப்பு பல ஆயிரம் வரி நீளம். ஆனால் முழுதும் படிக்கத் தேவையில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைமாட்டிலும் அதற்கான டெஸ்டுகள் ஒற்றை வரிகளாக அடுக்கியிருக்கின்றன. 'வெரிஃபை' என்று வரும் வரி, இந்த ஸ்கிரிப்டுக்கு எச்சரிக்கை வரவேண்டும் என்கிறது. 'வெரிஃபைநாட்' என்றால் வரக்கூடாது. கதை தெரியாமல் நாடகத்துக்குப் போனவனுக்கு முன்வரிசைக்காரர் காதில் சொல்வதுபோல, ஃபங்ஷன் என்ன செய்கிறது என்பதை அந்த வரிகளே சொல்லிவிடுகின்றன.

நான் கொடுத்த பயிற்சி இதுதான். ஃபங்ஷனின் உடலை மறைத்துக்கொள், டெஸ்டுகளை மட்டும் படித்து நீயே எழுதிப் பார், அப்புறம் ஒப்பிடு. ஈசூன் பையன் ஆறு ஃபங்ஷன்களை அப்படிச் செய்தான். மூன்றாவதுக்கு வந்தபோது, எச்சரிக்கைகள் எப்படி ஒன்றாகச் சேர்கின்றன என்று கேட்டான். "அதுதான் நீங்க படிச்ச மோனாட், இங்க பை மாதிரி, போகப் போகப் போட்டுக்கிட்டே போகுது" என்றேன். என் மருமகன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. புரிந்துவிட்டது என்று முன்பு சொன்னது அவசரம் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்தது எச்லெட்ஜர். சைமன் மைக்கேல் 2007இல் தொடங்கிய கணக்குக் கருவி, இதுவும் ஹாஸ்கெல்தான். வரவு செலவைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவைத்தால் மீதியைக் கூட்டிச் சொல்லும். மூன்றாவது பையன் வீட்டில் அம்மாதான் நிதியமைச்சர். மாதாமாதம் பட்டுக்கோட்டைக்குப் பணம் போகிறது, அது ரூபாயில். மளிகையில் பாதி ஜொகூர் பாருவில், அது ரிங்கிட். மிச்சமெல்லாம் வெள்ளி. (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் கிழமை என்று நினைத்துக் குழம்புவார்கள்.) மூன்று நாணயத்தையும் ஒரே நோட்டில் எழுதி, எதையும் எதோடும் மாற்றாமல் கூட்டவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

எச்லெட்ஜரின் லைப்ரரியில் (மற்ற நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) 'மிக்ஸ்டு அமவுண்ட்' என்றொரு டைப் இருக்கிறது. பல நாணயங்களில் உள்ள தொகைகளை ஒரே மதிப்பாகப் பிடித்துவைப்பது. அம்மாவின் பர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பர்சில் 200 வெள்ளியும் 50 ரிங்கிட்டும். இன்னொன்றில் 30 வெள்ளியும் 4000 ரூபாயும். இரண்டையும் ஒன்றில் கொட்டினால் 230 வெள்ளி, 50 ரிங்கிட், 4000 ரூபாய். பர்ஸ் எத்தனை இருந்தாலும், எந்த இரண்டை முதலில் கொட்டினாலும் கடைசியில் ஒன்றுதான். காலி பர்சைச் சேர்த்தால் எதுவும் மாறாது. இது முடிந்ததும் மெதுவாகச் சொன்னேன், "இதுக்குப் பேர்தான் மோனாய்டு." பையன் கேட்டான், "இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். வெள்ளைப்பலகையில் குறியீடு போட்டு நான் அரைமணி நேரம் விளக்கித் தோற்ற விஷயம் இது.

எச்லெட்ஜரில் இன்னொரு வசதி, டெஸ்ட் எழுத ஹாஸ்கெல் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கணக்குக் கோப்பு, இந்தக் கட்டளை, வரவேண்டிய பதில் இது என்று டெக்ஸ்டாகவே எழுதலாம். மொழி பாதிதான் தெரிந்த நிலையில் உள்ளே நுழைய இதைவிடத் தாழ்வான வாசல் நான் பார்க்கவில்லை.

பல்கலைக்கழக மாணவிக்கு நான் ஒன்றும் தேடித்தர வேண்டியிருக்கவில்லை. அவளுடைய முதலாமாண்டுப் பாடமே ஓப்பன் சோர்ஸில் ஓடுகிறது. சோர்ஸ் அகாடமி என்று பெயர். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கொஞ்சம் மட்டும் வெட்டி எடுத்த 'சோர்ஸ்' என்ற மொழியில் பாடம் நடக்கும். முதல் நிலையில் லூப் கிடையாது, மாறியில் மதிப்பை மாற்றுவதும் கிடையாது. பிள்ளைகள் முதல் வாரங்களில் ரூன் என்ற சித்திரங்களைத் திருப்பி, அடுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோலம் போடுகிறார்கள். எல்லாம் ஃபங்ஷனை ஃபங்ஷனுக்குக் கொடுத்துத்தான். இந்தத் தளத்தைக் கட்டியதில் பெரும் பங்கு அங்கே படித்த மாணவர்களுடையது. முகப்பு டைப்ஸ்கிரிப்டில், பின்னணி எலிக்ஸரில், மொழியை ஓட்டும் பகுதி தனியாக ஜேஎஸ்-ஸ்லாங் என்ற பெயரில். மூன்றும் கிட்ஹப்பில் திறந்து கிடக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்களும் தாராளமாகப் படித்துப் பார்க்கலாம்.

அவளை ஜேஎஸ்-ஸ்லாங்கில் ஒரே ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னேன், பட்டியல் ஃபங்ஷன்கள் இருக்கும் கோப்பு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிலும் ஒரு ஃபங்ஷனைப் போடும் மேப், வேண்டியதை மட்டும் பொறுக்கும் ஃபில்டர் எல்லாம் சோர்ஸ் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கும். வகுப்பில் அவள் எழுதிய மேப், தலையில் (முதல் உறுப்பில்) ஃபங்ஷனைப் போட்டு, வாலுக்கு (மிச்சப் பட்டியலுக்கு) தன்னையே கூப்பிடும், பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போல. கோப்பில் இருந்த மேப் வேறு மாதிரி. விடையைக் கையோடு சேர்த்துக்கொண்டே போய், பட்டியல் முடிந்ததும் மொத்தத்தையும் திருப்பிப் போடுகிறது. "ஏன் இப்படிச் சுத்தி வளைக்கிறாங்க?" என்றாள். நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்துத் தன்னுடையதை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பாதியில் காத்திருக்கும் அழைப்புகளை வைக்கும் ஸ்டாக் நிரம்பி விழுந்தது. டெயில் ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக மட்டும் தன்னையே கூப்பிடுவது) பற்றித் தேர்வுக்கு அவள் எழுதிய பதிலுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருந்ததாம். அது எதற்கு என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்மோனாட் என்ற விண்டோ மேனேஜர், அதாவது திரையில் ஜன்னல்களை அடுக்கும் மென்பொருள், படிப்பதற்கு மட்டும். எந்த ஜன்னலில் கவனம் இருக்கிறது என்பதை ஸிப்பர் என்ற அமைப்பில் வைத்திருக்கும் கோப்பு ஒன்று போதும், அது தங்கம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரிடம் மேக், அதில் அந்த மேனேஜரை வைத்துக் குப்பை கொட்ட முடியாது. எல்ம் என்ற மொழி கற்றுக்கொள்ள அருமை, பிழைச் செய்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். பங்களிக்க வேண்டுமென்றால் கம்பைலரை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பொட்டலங்களைப் பார்க்கலாம். 0.19.1 பதிப்பு 2019இல் வந்தது, அந்த மொழி அவசரப்படுவதில்லை. க்ளீம் என்ற மொழி 2024இல்தான் 1.0 ஆனது, அதன் ஸ்டாண்டர்டு லைப்ரரி பெரும்பாலும் க்ளீமிலேயே எழுதியது, சின்னச் சின்ன ஃபங்ஷன்கள், படிக்க இதம். ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் எனக்குப் பிடித்தது. பெர்க்லியில் தத்துவம் சொல்லித்தரும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்டது. ஆனால் பில்ட் ஆவதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். அதற்கு ஃபில்டர் எழுதுவதோடு தொடங்கலாம். ஓகேமல் என்ற மொழிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2022 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் பல கோர்களில் ஒரே சமயத்தில் ஓடும் வசதி வந்தது. அதில் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு. இதைச் சொன்னதும் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பயிற்சிக் கணக்குகளுக்கு எக்ஸர்சிசம் என்ற தளம் போதும். அங்கேயே குடியிருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி என் மருமகன் கதை. அவனுக்கு எரிச்சல் வந்தது தமிழால்.

பாட்டிக்காக ஒரு சின்னக் கருவி எழுதினான், பேருந்து நிறுத்தங்களின் பெயரைத் தமிழில் அட்டவணையாகக் காட்ட. அட்டவணை போட ஒரு சின்ன ஹாஸ்கெல் லைப்ரரி, பெயர் வேண்டாம். கட்டத்துக்குள் அடங்காத பெயரை அது வெட்டிவிடும். 'சிங்கப்பூர்' என்பதை ஐந்து எழுத்துக்கு வெட்டச் சொன்னால் 'சிங்க' என்று நின்றது. பாட்டி படித்துவிட்டு, "என்னடா, மிருகக்காட்சிசாலைக்குப் போற பஸ்ஸா?" என்றார்.

காரணம் எளிது. நமக்குச் 'சி' ஒரே எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் 'ச' ஒன்று, இகரக் குறி ஒன்று. (இப்படிப்பட்ட உயிர்க்குறிகளையெல்லாம் கொம்பு என்றே சொல்கிறேன்.) 'ங்' என்றால் 'ங' ஒன்று, புள்ளி ஒன்று. 'சிங்கப்பூர்' நமக்கு ஆறெழுத்து, நீளத்தை எண்ணும் ஹாஸ்கெலின் லெங்த்துக்குப் பதினொன்று. 'தமிழ்' நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. எட்டில் வெட்டினால் இன்னும் மோசம், 'சிங்கப்ப' என்று கால் ஒடிந்து நிற்கும்.

சரி, எழுத்துகளாகப் பிரிக்கும் ஃபங்ஷன் ஒன்று எழுது என்றேன். இரண்டு சனிக்கிழமை அதிலேயே போயிற்று, வீண் என்று சொல்லமாட்டேன். வலது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துக்கொண்டே வரும் ஃபோல்டு போட்டான். வருவது கொம்போ புள்ளியோ என்றால் கையில் வைத்துக்கொள், உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் வைத்திருந்ததை அதோடு ஒட்டி ஓர் எழுத்தாக இறக்கு. கொம்பா என்று பார்க்க ஹாஸ்கெலிலேயே 'இஸ்மார்க்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. மொத்தம் ஏழெட்டு வரி. அப்புறம் குயிக்செக். கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000இல் வெளியிட்டது. நாம் ஒரு விதியைச் சொன்னால் அதுவே கண்டபடி உள்ளீடு உருவாக்கி உடைக்கப் பார்க்கும். அவன் எழுதிய விதி: பிரித்த எழுத்துகளைத் திரும்ப ஒட்டினால் பழைய சொல் வரவேண்டும். ஒரே நொடியில் உடைந்தது. கொம்பிலேயே தொடங்கும் சொல்லைக் கொடுத்திருக்கிறது குயிக்செக். முன்னால் எழுத்தே இல்லாததால் அந்தக் கொம்பு அப்படியே தொலைந்துபோயிருந்தது. மனிதன் எவனும் அப்படி எழுதமாட்டான் என்று வாதாடினான். வாட்ஸப்பில் உன் மாமி அனுப்பும் செய்தியைப் பார்த்ததில்லையா என்று கேட்டேன்.

'க்ஷ' ஒரெழுத்தா இரண்டா என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. அதை இங்கே எழுதவில்லை, உங்களுக்குள்ளேயே பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.

பிரித்துமுடித்த கையோடு அந்த லைப்ரரிக்குப் புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினான். வெட்டும் ஃபங்ஷனைத் திருத்தியதோடு நிற்காமல், அகலம் கணக்கிடுவதையும் மாற்றி, கோப்புகளின் பெயரைக்கூட 'அழகாக' மாற்றி வைத்திருந்தான். பதினான்கு கோப்பு. நான் பார்க்காமல் விட்டது என் தப்பு. லைப்ரரியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஒவ்வொரு ஃபான்ட்டும் தமிழ் எழுத்தை ஒவ்வோர் அகலத்தில் காட்டும், ஆகவே அகலக் கணக்கு இப்படித் தீராது, வெட்டும் தப்பைக் காட்டும் டெஸ்ட் ஒன்றை மட்டும் முதலில் அனுப்ப முடியுமா என்று. பையன் ஒரு வாரம் நூலகம் பக்கமே வரவில்லை.

வந்தபிறகு டெஸ்டை மட்டும் அனுப்பினான். ஒரே வரி. 'சிங்கப்பூர்', ஐந்து, எதிர்பார்ப்பது 'சிங்கப்பூ'. அதன் பின்னால் இரண்டாவது புல் ரிக்வெஸ்டாக, எழுத்துப் பிரிக்கும் அந்த ஏழெட்டு வரி. இரண்டும் ஏற்கப்பட்டன. நாங்கள் சனிக்கிழமை காலை அனுப்பும்போது அமெரிக்காவில் வெள்ளி மாலை, அவர்கள் கணினியை மூடும் நேரம். முதலில் இது தெரியாமல், பதில் வரவில்லையே என்று மத்தியானமே இன்னொரு தடவை கேட்டு எழுதியிருக்கிறான். அப்படிச் செய்யாதீர்கள். நாலைந்து நாள் பொறுங்கள். இப்போது ஏஐ-யிடம் எழுதி வாங்கி அப்படியே அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டதால் மெயின்டெய்னர்கள் முன்னைவிடக் கடுப்பில் இருக்கிறார்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வரிக்குச் சொல்லலாம், பதினான்கு கோப்புக்கு யாரால் முடியும்?

பிள்ளைகள் இப்போது சிதறிவிட்டார்கள். ஈசூன் பையன் வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறான், அங்கே ஷெல் ஸ்கிரிப்டை ஷெல்செக்கில் போடாமல் யாரையும் நகரவிடுவதில்லையாம். என் மருமகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருக்கிறான். சில வாரம் முன்பு முகாமிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்த லைப்ரரியில் யாரோ வெட்டும் ஃபங்ஷனை வேகமாக்குகிறேன் என்று திருப்பி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் பச்சை, ஒரே ஒரு டெஸ்ட் சிவப்பு. எதிர்பார்த்தது 'சிங்கப்பூ'. வந்தது 'சிங்க'.

கீழே அவன் எழுதியிருந்தான்: "மாமா, சிங்கம் திரும்ப வந்துடுச்சு. இந்தத் தடவை நான் பிடிக்கல, என் டெஸ்டே பிடிச்சிடுச்சு."